ஒற்றை முள்ளில் நிற்கும் கை

கண்ணு,

இந்தக் கடிதத்தோடு, இரண்டு பக்கமும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். தண்ணீர்க் குழாய்தான், எதிர்க்கடையில் அளந்து வெட்டி வாங்கினேன். அதை உடனே பிரித்துவிடாதே, முதலில் இதைப் படித்து முடி. எதையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் கடை ரேடியோவைக் கழற்றிப் போட்டு, திருகாணிகளை அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு கலந்து வைத்தவன் நீ. இந்த ஒரு தடவை மட்டும் அப்பன் சொல்வதைக் கேள்.

நம் வியாபாரிகள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். "உங்க தொழில் அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தால் உனக்குத்தான் எழுத வருகிறது. சரி, ஒரு படி மலருக்கு, ஒரு படி பார்சலுக்கு என்று முடிவு செய்துவிட்டேன். ஊரே படிக்குமே என்று கூச்சப்படாதே. நான் செய்த தப்பு கடைவாசலில், ஆட்கள் நிற்கும்போது நடந்தது. அதை ஒப்புக்கொள்வதும் நாலு பேர் அறிய இருக்கட்டும். கடைக்கும் இது ஒரு விளம்பரம்தான். வேறு எப்படி யோசிக்க எனக்குத் தெரியும்?

போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணத்தைப் பற்றி நீ போனில் சொன்னாய்: "காலைல மலைமேல கோயில்ல தாலி, மதியம் சாப்பாடு, சாயங்காலம் ஃப்ளைட் நைனா. மேக்னாவுக்கும் லீவு இல்ல, எனக்கும் இல்ல." நான் "ஆங், சரி கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உன் அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "இன்னாங்க, ஒரு நாள் முன்னாடி வாடான்னு கேட்டா கொறைஞ்சா பூடுவீங்க?" என்றாள். "அவனுக்குத் தெரியாதா?" என்றேன். "தெரியாதுங்க. நீங்க எதுனா வாயத் தொறந்து கேட்டிருக்கீங்களா அந்தப் புள்ளையாண்ட? கஸ்டமராண்ட மட்டும் வாய் காது வரைக்கும் போவுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது சரி. அதனால்தான் இந்தக் கடிதம். சுற்றி வளைத்துத்தான் கேட்பேன், பொறுத்துக்கொள்.

மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இடிக்கப்போகும் வீடுகளில் பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ரெக்கார்டு பிளேயர் எல்லாம் வாங்கி, பழுது பார்த்து விற்பது என் தொழில். திருவாலங்காட்டிலிருந்து ஒரு மாற்றுச் சட்டையோடு வந்து, கல்யாண வீடுகளில் ஸ்பீக்கர் கட்டுகிறவனாக ஆரம்பித்தேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நானே வைத்துக்கொண்ட விதிகளில் முதலாவது, கடையில் எந்தப் பொருளும் ஆடக் கூடாது என்பது. ஆடுகிற நாற்காலியில் வாடிக்கையாளரை உட்கார வைக்காதே. ஆடுகிற மேசைமேல் பொருளை வைத்துக் காட்டாதே. வாங்க வருகிறவன் முதலில் கை வைத்து ஆட்டித்தான் பார்ப்பான். ஆடினால் விலை விழும். இந்த விதியால் நான் நன்றாக இருந்தேன், உன் விஷயத்தில் மட்டும் அது என்னைக் கவிழ்த்துவிட்டது.

நீ காலேஜ் மூன்றாம் வருடம் படிக்கும்போது டோன் ஆர்ம் செய்கிறேன் என்று ஆரம்பித்தாய். ரெக்கார்டின் மேல் ஊசியைத் தாங்கிக்கொண்டு போகிற கை. மலைப்படிக் கடையில் பிள்ளைகளுக்கு விற்கிற மூங்கில் புல்லாங்குழல் ஒன்றை வாங்கிவந்தாய். "இன்னாடா, கச்சேரி பண்ணப் போறியா?" என்று கேட்டேன். "கச்சேரி கேக்கப் போறேன் நைனா" என்றாய். குழலின் ஓட்டைகளை மெழுகால் அடைத்தாய். வாய் வைத்து ஊதுகிற ஓட்டையை மட்டும் விட்டுவைத்து, தலைமுடி மாதிரி நாலு கம்பிகளை அதன் வழியாக வெளியே எடுத்தாய். பின்பக்கத்துக்குக் கடையின் பழைய பித்தளை எடைக்கல்லைத் துளைத்து மாட்டினாய், அதையும் நேராக மாட்டாமல் கீழே தொங்குகிற மாதிரி. குழலின் அடியில் ஒரு திருகாணி, அதன் தலையில் சின்னக் குழி. அந்தக் குழி போய் உட்கார்ந்தது, உன் பத்தாம் வகுப்பு ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸிலிருந்து நீ பிடுங்கிய முள்ளின் நுனியில். அந்த முள்ளை ஒரு சின்னக் கிண்ணத்தின் நடுவில் நட்டிருந்தாய். மொத்தக் கையும் அந்த ஒரு முனையில் நின்றது. பேரிங் இல்லை, அச்சு இல்லை, இறுக்க ஒரு நட்டுகூட இல்லை. தூக்கினால் கையோடு வந்துவிடும்.

யூனிபிவட் என்று பெயர் சொன்னாய். எனக்கு அது காதில் ஏறவில்லை. கண்ணில் பட்டது ஒன்றுதான்: அது ஆடியது. விரல் பட்டால் இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து, தூக்கம் வந்தவன் தலை மாதிரி ஆடிவிட்டு நின்றது. கிண்ணத்தில் நீ விளக்கெண்ணெய் ஊற்றியபின் கொஞ்சம் அடங்கியது. அப்போதும் ஆடியது.

மூன்று வாரம் அது பாடியது, கண்ணு. கடையின் பின்கட்டில், உன் மேசையில். உன் அம்மா சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் நின்று கேட்டாள். ஒருநாள் என்னிடம் வந்து, "அந்த நாதஸ்வரத் தட்டு இல்ல, அதுல அவரு ஊதறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறது கேக்குதுங்க" என்றாள். "மூச்சுக் கேட்டு இன்னா பண்றது? பாட்டுக் கேட்டாப் போதாதா?" என்றேன். "வந்துதான் ஒரு தடவ கேளுங்களேன்" என்றாள். கடையில் ஆள் இருக்கிறார்கள் என்றேன். கடையில் எப்போதும் ஆள் இருந்தார்கள். பின்கட்டுக்குப் பத்து எட்டு வைத்தால் போதும். நான் போகவில்லை.

பிறகு ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரில் கால் வைக்க இடமில்லை, பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். காவடிக் கூட்டம் கடையை உரசிக்கொண்டு போனது. நீ காலேஜ் போயிருந்தாய். பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு சாமி கும்பிட வருகிற பழைய வாடிக்கையாளர் ஒருவர் மதியம் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். உன் கைவேலையை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. விற்கத்தான் நினைத்தேன் என்று நீ இன்னமும் நம்புகிறாய். இல்லை. பெருமை அடித்துக்கொள்ளத்தான். ஆனால் ஆடுகிற பொருளை எப்படிக் காட்டுவது? யோசித்தேன். எண்ணெய் கொஞ்சம் அடக்குகிறது என்றால், அதைவிடக் கெட்டியானது இன்னும் நன்றாக அடக்குமே. எண்ணெயைத் துடைத்துவிட்டு, பைப் மூட்டுக்குப் போடுகிற பசையைக் கலந்து அந்தக் கிண்ணத்தில் நிரப்பினேன். கையை வைத்துத் திருப்பிப் பார்த்தேன், திரும்பியது. ஆட்டம் போயே போய்விட்டது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? இத்தனை படித்த பிள்ளைக்குத் தோன்றாதது நமக்குத் தோன்றியதே என்று.

அவர் வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் பசை கல்லாகியிருந்தது, நான் கவனிக்கவில்லை. அவர் கை வைத்துப் பார்த்து, "ஸ்ட்ராங்கா கீதே" என்றார். "எம்புள்ள செஞ்சது சார்" என்றேன். நானே குழலைக் கொஞ்சம் அழுத்தி வளைத்து ஊசியைத் தட்டில் வைத்தேன். தட்டு சுற்றியது, கை நகரவில்லை. ஒரே வரியில் ஊசி துள்ளித் துள்ளித் திரும்ப வந்தது. நாதஸ்வரத்தில் ஒரு துண்டு, அதே துண்டு, அதே துண்டு. கடைவாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். "இன்னா மொதலாளி, வாத்தியாரு மறந்துட்டாரா?" என்று ஒருவன் கேட்டான். அந்த நேரம் நீ உள்ளே வந்தாய். தோளில் பை, சட்டை முழுக்க வேர்வை, கூட்டத்தில் நசுங்கி ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்திருந்தாய்.

நீ கத்தியிருக்கலாம். தட்டை நிறுத்தினாய், கிண்ணத்துக்குள் பார்த்தாய். "ஆடறதுக்குத்தான் நைனா அது" என்றாய். அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நாலு பேர் முன்னால் வெட்கம் தாங்காமல், "ஆடறத எல்லாம் செஞ்சி வெச்சா எவன்டா வாங்குவான்? பொழைக்கற வழியப் பாரு" என்றேன். நீ அப்படியே செய்தாய். பொழைக்கிற வழியைப் பார்த்துக்கொண்டு புனே போனாய். அதற்குப் பிறகு என்னிடம் மரியாதையாகப் பேசுகிறாய். எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

போன வருடம் புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டு டாக்டரம்மா வந்தார். அவருடைய மாமனார் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயர், வீட்டில் இடமில்லை, விற்க வேண்டும். மூடியைத் திறந்தேன். ஒற்றை முனையில் ஒரு கை. தொட்டேன், ஆடியது. என் வாய் சும்மா இருக்குமா? "ஆடுதேம்மா, பேரிங் போச்சு, இதெல்லாம் யாரு வாங்குவா" என்று விலையை அடிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "அய்யோ, அது ஆடணும் சார்! ஆடலன்னாதான் கம்ப்ளைண்ட்டு. பேரிங்கே லேது, எங்க போவும்?" என்றார் தெலுங்கு கலந்த தமிழில். பிறகு அவரே ஒரு தட்டைப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியை இறக்கினார். மாட்டுக்கு ஊசி போடுகிறவர் விரலுக்குள்ளேயே அது நெளிந்தது.

அன்றைக்குத்தான் கேட்டேன், கண்ணு. நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சாதாரணக் கையில் பேரிங் இரண்டு பக்கமும் பிடித்திருக்கும். கொஞ்சம் தளர்ந்தால் கடகடவென்று அதன் சத்தம் பாட்டில் கலக்கும். கொஞ்சம் இறுகினால் ஊசியை இழுத்துப் பிடிக்கும். ஒற்றை முனையில் தளரவும் ஒன்றுமில்லை, இறுகவும் ஒன்றுமில்லை. அதன் எடையே அதை உட்கார வைக்கிறது. தட்டின் வரி எங்கே போகிறதோ அங்கே ஊசி போகிறது. அதனால்தான் பாட்டு தெரிவதற்கு முன்னால் பாடுகிறவர் உட்கார்ந்திருப்பதே தெரிகிறது. உன் அம்மா சொன்ன மூச்சு அதுதான். அவளுக்கு மூன்றே நாளில் பிடிபட்டது எனக்கு இத்தனை வருடத்துக்குப் பிறகு புரிகிறது. அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடினேன். உன் மேசை பின்கட்டில் அப்படியே இருக்கிறது. இரண்டு பேர் விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. அங்கே போய் உட்கார்ந்து, அலமாரியின் மேல்தட்டில், பசை இறுகிய கிண்ணத்தோடு துணியில் சுற்றிவைத்திருந்த உன் குழலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கையின் குறைகளையும் நான் மறைக்கமாட்டேன். இப்போது யாராவது யூனிபிவட் கேட்டு வந்தால் முதலில் குறைகளைத்தான் சொல்கிறேன். பாட்டைப் போட்டுவிட்டுக் காய் நறுக்கப் போகிறவர்களுக்கு இது ஆகாது. கை ஒரு பக்கம் துளி சாய்ந்தாலும் ஒரு ஸ்பீக்கர் உரக்கவும் ஒன்று மெதுவாகவும் பேசும். அதை நிமிர்த்த எடையை மயிரிழை நகர்த்தி நகர்த்தி ஒரு பகல் போய்விடும். வெளியே வருகிற கம்பி கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் அதுவே கையை இழுக்கும். வளைந்த தட்டைப் போட்டால் படகு மாதிரி அசையும். விளக்கெண்ணெய் இந்த ஊர் வெயிலில் இளகிவிடும், மார்கழியில் கெட்டியாகும், எப்போதும் தூசி சேரும். ஊசியைத் தட்டில் இறக்குவதுதான் பெரிய தொல்லை. கை நம் விரலுக்குள்ளேயே நெளியும். இவ்வளவும் சொன்ன பிறகும் வேண்டும் என்கிறவருக்குத்தான் கொடுக்கிறேன். ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், அதனால் அப்பன் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது இந்தச் சாமான்கள்தான், அதை வைத்தே சொல்கிறேன். எல்லா ஆட்டமும் நல்ல ஆட்டம் இல்லை. பேரிங் தேய்ந்து ஆடுகிறதும் உண்டு, அதைச் சரிசெய்துதான் ஆக வேண்டும், சும்மா விட்டால் தட்டையே கீறிவிடும். ஆனால் எது எந்த ஆட்டம் என்று செய்தவரைக் கேட்காமல் பசை டப்பாவைத் திறக்காதே. மேக்னா ஏதாவது ஒன்றில் உனக்குப் புரியாத மாதிரி நடந்தால், "இது எதுக்கு இப்படி?" என்று ஒரு வார்த்தை கேள். நான் உன்னிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால், நீ பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பாய். இன்னொன்று, அவள் கூப்பிட்டால் பின்கட்டுக்குப் போ. கடையில் ஆள் இருக்கத்தான் இருப்பார்கள்.

அந்தப் பசையை எடுக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. தின்னரில் ஊறவைத்து, பழைய ஊசியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "கண்ணுல வுழுந்த தூசிய எடுக்கறாப்பல எடுக்கறீங்க, இவ்ளோ பதமா? அன்னிக்கி ஊத்தும்போது எங்க போச்சு இந்தப் பதம்?" என்றாள். நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன். திருகாணியின் குழி பிழைத்துக்கொண்டது, பூதக்கண்ணாடியில் பார்த்தேன், கீறல் இல்லை. முள்ளின் நுனியும் நன்றாக இருக்கிறது. குழலில் அடிப்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. அது என் கைத்தவறு. நாலு கம்பியில் சிவப்புக் கம்பி அறுந்துவிட்டது. பற்றவைக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. உனக்கு அம்மா சொல்லியிருக்கமாட்டாள், நான் சொல்லவேண்டாம் என்றேன்: எனக்கு இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். வயதானால் வருவதுதான். காபி டம்ளர் பிடிக்கலாம், ரசீதில் கையெழுத்துப் போடலாம். ஆனால் ஒற்றை முனையில் நிற்கிற கையை இறக்க முடியாது. அதுவும் ஆடி, நானும் ஆடினால் தட்டு தாங்காது. டாக்டரம்மா ஒரு தடவை வந்தபோது, "நான் செட் பண்ணித் தரட்டுமா சார்?" என்று கேட்டார். "வாணாம்மா, அத்த செஞ்சவன் வருவான்" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

இனி நேராகக் கேட்கிறேன். தாலிக்கு இரண்டு நாள் முன்னால் வா. மேக்னாவையும் அழைத்துக்கொண்டு வா, அவள் அப்பா அம்மாவும் வரட்டும், மாடியில் இடம் இருக்கிறது. கடைக்கு அந்த இரண்டு நாளும் லீவு விட்டுவிடுகிறேன். சங்கத்துக்காரர்கள் படிப்பார்கள், பின்வாங்க முடியாது. நீ ஊசியை இறக்கு. அந்த நாதஸ்வரத் தட்டு என்னிடம்தான் இருக்கிறது, துடைத்து வைத்திருக்கிறேன். மூன்று வாரம் பாடியதில் ஒரு நிமிடம்கூட நான் கேட்காமல் போனேனே, அதைக் கேட்க வேண்டும். டாக்டரம்மாவின் பிளேயரில் கேட்டது அவருடைய மாமனார் வாங்கியது. எனக்கு நீ செய்தது வேண்டும்.

இப்போது குழாயைப் பிரி. பஞ்சுக்குள் இருப்பது உன் புல்லாங்குழல்தான், எடைக்கல்லோடு. சிவப்புக் கம்பியைப் பற்றவைத்து, சில்லு போன இடத்தை மெழுகால் அடைத்துவை. அங்கேயே வேறு பிளேயரில் மாட்டிவிடலாமே என்று உனக்குத் தோன்றும். குழாயைக் குலுக்கிப் பார்க்காதே, காம்பஸ் முள் அதில் இல்லை. வேறு முள் செய்துகொள்வது உனக்குப் பெரிய காரியமில்லை என்றும் தெரியும். நானும் வேறு என்ன செய்வேன்? என் கையில் இருக்கிற ஒரே சரக்கு அதுதான்.

முள்ளைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். தினமும் சட்டை மாற்றும்போது இதையும் மாற்றுகிறேன். நேற்று மறந்துவிட்டேன். துணி அலசும்போது உன் அம்மாவின் விரலில் குத்திவிட்டது. "உங்க புள்ள வந்து எடுத்துக்கினு போற வரைக்கும் இத்த வேற எங்கனா வையிங்க" என்று திட்டினாள்.

வேறு எங்கும் வைக்கப் போவதில்லை.

உன் நைனா